கிரிலியின் கொசுக்கால் எழுத்து

ஆஸ்திரேலியாவில் எங்கள் கார்வுட் ஊர் மருந்துக் கடையில் நிற்கும் கிரிலிக்கு வீட்டில் இன்னொரு பித்து உண்டு. பேனாவால் எழுதி எழுதிப் பார்த்து, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சொந்தமாக ஓர் எழுத்துரு செய்திருக்கிறாள். மெல்லிசுக் கோடு, கீழே இறங்கும்போது மட்டும் கொஞ்சம் தடிப்பு, வாலில் ஒரு சுழி. இந்த வட்டாரத்தில் அந்த எழுத்து இல்லாத கல்யாணப் பத்திரிகை கிடையாது. ஜாம் பாட்டிலிலும் அதுதான். அவள் புருஷன் ஹாமிஷ் மட்டும் அதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

"கொசுக்கால் மாதிரி இருக்கு. இதை எவன் படிப்பான்?" என்பான். அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

போன சனிக்கிழமை ஹாமிஷுக்கு எங்கள் ஊர் அணியில் இருநூறாவது ஃபுட்டி ஆட்டம், அதாவது இந்த ஊர்க் கால்பந்து. அப்படிப்பட்ட நாளில் க்ரேப் காகிதத்தில் பெரிய பேனர் கட்டுவோம். ஆட்டக்காரர்கள் அதைக் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வருவார்கள். ஒட்டுகிற வேலை பெண்களாகிய எங்கள் தலையில்.

"இந்தத் தடவை என் எழுத்துதான். அவன் படிச்சே ஆகணும்," என்றாள் கிரிலி.

"ஏண்டி, இது என்ன கல்யாண வீடா? மைதானத்தோட அந்தப் பக்கத்துலேருந்து ஒரு எழவும் தெரியாது!" என்று கத்தினேன். கேட்டால்தானே! கிளப் ஹால் தரையில் என்னையும் மண்டிபோட வைத்து, ஊதாக் காகிதத்தை இழை இழையாக வெட்டி ஒட்டினாள். எனக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. ஆனால் முடித்ததும், அடேயப்பா, என்ன அழகு! 'ஓடு ஹாமிஷ், நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்.'

பேனரை இரண்டு கம்பத்தில் கட்டித் தூக்கி நிறுத்தினோம். மைதானத்தின் அந்தப் பக்கம் காரை நிறுத்தி ஆட்டம் பார்க்க வந்த எதிரணி ஆட்கள் ஹார்னை அடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"டேய், எழுத மறந்துட்டாங்கடா!"

கம்பத்தைப் பிடித்திருந்த கிரிலியின் முகம் செத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தக் கார்களை எல்லாம் கவிழ்த்திருப்பேன்.

ஹாமிஷ் முன்னால் ஓடி வந்தான். பேனருக்கு ஓரடி முன்னால் சட்டென்று நின்றுவிட்டான். யாருமே அங்கே நிற்க மாட்டார்கள்! உதடு அசைய, எழுத்தெழுத்தாகப் படித்தான். பின்னால் தலையைக் குனிந்து ஓடி வந்த மொத்த அணியும் அவன் முதுகில் மோத, எல்லோரும் காகிதத்தோடு குப்புற உருண்டார்கள்.

குவியலுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"கிரிலி! படிச்சுட்டேன்டி! முழுசாப் படிச்சுட்டேன்!"

அவள் கம்பத்தை அப்படியே விட்டுவிட்டு மைதானத்துக்குள் ஓடினாள். அது என் கால்மேல் விழுந்தது. நான் மற்றக் காலில் குதித்துக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினேன்.