விட்டுக்கொடுத்த நம்பர்

தொண்ணூறுகளின் கடைசியில், திருகோணமலை நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் கிளினிக்கில் நடந்தது இது. அப்போது நாங்கள் சாம்பல்தீவில் இருந்தோம். நான் சின்ன வகுப்பு ஆசிரியை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் 'அ' எழுதப் பழக்கிய என்னை, சொந்த மகள் நான்கு வயதாகியும் ஒருமுறைகூட 'அம்மா' என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கையில் கிடைப்பதையெல்லாம் வரிசையாக அடுக்குவாள். யாராவது அதைக் குலைத்தால் அயலே கூடும்படி கத்துவாள்.

எங்களிடம் காரணம் தயாராக இருந்தது. ஷெல் சத்தத்தில் பயந்த பிள்ளை. மாமியார் சொன்னார், அயலவர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். அந்த யுத்தகாலத்தில் மாடு பால் குறைத்தாலும் ஷெல்தான் காரணம்.

கொழும்பிலிருந்து ஒரு டாக்டர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து இப்படியான பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று யாரோ சொன்னார்கள். ஒரு காலைநேரம் மட்டும்தான். மத்தியானம் வாகனம் ஏறிவிடுவார். அதை விட்டால் கொழும்புக்குப் போக வேண்டும். ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்து, லொட்ஜில் தங்கிப் பொலிசில் பதிந்து, தொட்டாலே கத்துகிற பிள்ளையோடு அது எங்களால் முடியாத காரியம்.

போவதற்கு முதல் நாள் என் கணவரோடு கந்தோரில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், காகிதத்தில ஒண்டும் ஏற விடாதேங்கோ. பிறவிக் குறை எண்டு எழுதிப்போட்டா, பிறகு காப்புறுதிக்காரர் பிள்ளையின்ர பேரை வெட்டிப்போடுவினம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அது என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வழியில் இரண்டு சென்றிப் பொயின்ற், ஆமியின் சோதனைச் சாவடிகள். பஸ்ஸால் இறங்கி வரிசையில் நடக்க வேண்டும். எங்கிருந்து, எங்கே, ஏன்? இதற்குப் பதில் சொல்லும் விதம் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒற்றைச் சொல், சிரித்த முகம், ஒரு பிரச்சினையும் இல்லை. கூட ஒரு வார்த்தை சொன்னால் அதிலிருந்து பத்துக் கேள்வி முளைக்கும். பையைச் சோதித்தபோது மகள் கத்தத் தொடங்கினாள். "காய்ச்சல்" என்று சிரித்துக்கொண்டே சொல்லித் தப்பினேன்.

கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிக்கு முதல் நம்பர்தான் கிடைத்தது. எங்களுக்குப் பிறகு வந்தது கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண். விடிய எழும்பிப் படகில் கடல் கடந்து வந்தவர். மடியில் ஏழு வயது மகள். வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் டீச்சர் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். என் மகளோ வாசலில் கழற்றியிருந்த செருப்புகளையெல்லாம் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பெண் தன் காலில் கிடந்த செருப்பையும் கழற்றி மெல்ல அவள் பக்கம் தள்ளிவிட்டார். இரண்டு மணித்தியாலம் வெறுங்காலோடு இருந்தார். அடுக்கி அடுக்கிக் களைத்த மகள், எங்கள் நம்பரைக் கூப்பிடும்போது என் தோளில் நித்திரையாகியிருந்தாள்.

டாக்டர் சிங்களத்தில் கேட்க, தாதி தமிழில் சொன்னார். டாக்டரின் கையில் ஒரு படிவம், பேனா.

"கூப்பிட்டாத் திரும்பிப் பார்ப்பாவா?"

"ஓம்."

"வேணுமெண்டதை விரலால காட்டுவாவா?"

"ஓம்."

"மற்றப் பிள்ளைகளோட சேருவாவா?"

"ஓம். ஒரு பிரச்சினையும் இல்லை."

யோசித்துச் சொன்ன பொய்யல்ல அது. சிங்களத்தில் கேள்வி, கையில் பேனா, என் முகத்தில் அதே சிரிப்பு. வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போனது. பேச்சுக் கொஞ்சம் பிந்துகிறது, பள்ளிக்கூடம் போனால் சரிவரும் என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் சென்றியில் சோதனை முடிந்து விடப்பட்டவளைப் போல மூச்சு விட்டபடி வெளியே வந்தேன்.

அறைக்கும் வாங்குக்கும் நடுவில் வெறும் துணித் திரைதான். அந்தப் பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"டீச்சர், என்னத்துக்கு அப்படிச் சொன்னீங்க? காலையில இருந்து நீங்க கூப்பிட்டதுக்குப் புள்ள ஒருக்காலாச்சும் திரும்பிச்சா?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "உங்களுக்கென்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "நானும் முதல் தரம் எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லிட்டுப் போனவதான். ரெண்டு வருசம் வீணாப் போச்சு. இது சென்றி இல்ல டீச்சர். இஞ்ச உள்ளதச் சொன்னா ஒருத்தரும் புடிக்க மாட்டாங்க." பிறகு தன் நம்பர் துண்டை என் கையில் வைத்தார். "என்ட நம்பர்தான் கடைசி. இதுல நீங்க போங்க."

மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் நான் அவ்வளவு சுயநலக்காரி.

மறுபடி உள்ளே போய், முன்பு சொன்னதெல்லாம் பிழை என்று தாதியிடம் சொன்னேன். அதே கேள்விகள். இந்த முறை "இல்லை", "இல்லை", "இல்லை." மூன்றாவது இல்லையில் அழுதுவிட்டேன். டாக்டர் கதிரையை விட்டு எழும்பி நிலத்தில் உட்கார்ந்தார். நித்திரையால் எழும்பிய மகள் திரையை விலக்கிக்கொண்டு நேரே வாசலிலிருந்த செருப்பு வரிசைக்குப் போனாள். டாக்டர் அவளைப் பெயர் சொல்லி நாலைந்து தரம் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. வெளியே வாகனம் ஹோர்ன் அடித்தது. அவர் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓட்டிசம் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். இது ஷெல்லாலும் வந்ததல்ல, உங்களாலும் வந்ததல்ல என்று தாதி சொன்னபோது, நான்கு வருடப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது.

நான் வெளியே வர, டாக்டரும் வந்து வாகனம் ஏறிப் போய்விட்டார். அந்தப் பெண் தன் மகளைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். "எங்களுக்குக் காகிதம் முந்தியே கெடச்சிட்டுத்தானே. நாங்க அடுத்த தரம் வருவம்" என்று சிரித்தார். வரிசை குலையாமல் தன் செருப்பை மெதுவாக உருவி எடுத்தார். என் மகள் கத்தவில்லை.

அடுத்த கிளினிக்குக்குக் கொஞ்சம் பலகாரம் கட்டிக்கொண்டு போனேன். அவர் வரவில்லை. அந்தக் கிழமை பிரச்சினை, படகு ஓடவில்லை என்றார்கள். அதற்கடுத்த தடவையும் காணவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லையே என்று இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

நண்பர் சொன்னபடியே, பிறவியில் உள்ளதற்குக் காப்புறுதி இல்லை என்று பிறகு ஒரு கடிதம் வந்தது. நான் பயந்து மறைக்கப் பார்த்தது அந்த ஒரு கடிதத்துக்காகத்தான். அது அலுமாரிக்குள் கிடக்கிறது. டாக்டரின் காகிதத்தால் மகளுக்குப் பயிற்சி கிடைத்தது, எங்களுக்கு அவளைப் புரிந்தது. ஆறு வயதில் ஒருநாள் அவள் தண்ணீர்ப் பானையை விரல் நீட்டிக் காட்டினாள். நான் குசினியிலேயே குந்தியிருந்து அழுதேன்.

இப்போதும் எந்தப் படிவத்தில் ஓமா இல்லையா என்று கேட்டாலும் என் பேனா ஒரு கணம் நிற்கிறது. திரைக்கு வெளியே, வெறுங்காலோடு அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.