ஓடாத காருக்கு ரிமோட் எதுக்கு?

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் சகலை, ஒரு சப்-இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள், எங்களுக்கு முன்னால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு பால்காரர். கடைசியில் வந்து பார்த்துவிட்டுப் போன ஒருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அங்கே பெரிய கூட்டமே இருந்ததாக எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இடஒதுக்கீடு கேட்டு அங்கங்கே மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். பஸ் ஓடுமா ஓடாதா என்பது காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இது நடந்த இடம், சின்னசேலம் போகிற சாலையில் போலீஸ் தடுப்பு வைத்திருந்த ஒரு புளியமரத்தடி.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சகலை, அதாவது என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர், மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு ஆலையில் அரவை நடக்கிற மாதங்களில் மட்டும் வேலை பார்ப்பவர். மற்ற மாதங்களில் கூப்பிட்ட வேலைக்குப் போவார். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பைத்தியம் உண்டு. ரிமோட் கார். குழந்தைகளுக்கு விற்கும் பொம்மை இல்லை. மோட்டார், கியர், ஷாக் அப்சர்பர் எல்லாவற்றையும் கழற்றி மாட்டி நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய கார். முதலில் ஆசைப்பட்டு வேகமாக ஓடுகிற ஒன்றை வாங்கி, கல்லில் மோதி உடைத்தோம். நம்ம ஊர் கரட்டுக்கு வேகம் ஆகாது என்று புத்தி வந்த பிறகு, மெதுவாகப் பாறை ஏறுகிற கார் ஒன்றைப் பழசாகவே, ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோமுகி அணைக்கு மேலே, கல்வராயன் மலை ஏறுகிற பக்கம் போய், ஓடைக் கற்களின் மேல் ஓட்டுவோம். முன்சக்கரத்துக்குள் ஈயத்துண்டு வைத்தால் செங்குத்தான கல்லில் கார் பின்னால் மல்லாக்கச் சாயாது என்று கண்டுபிடித்தது சகலைதான். ஓட்டுவது அவர். வீட்டுக்கு வந்து பழைய டூத் பிரஷ்ஷால் சேறு எடுப்பது, பேரிங்கைக் காயவைத்து எண்ணெய் விடுவது, பேட்டரி பார்ப்பது எல்லாம் நான். அந்த வகை பேட்டரி குத்துப்பட்டாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ தீப்பிடிக்கும். அது தெரிந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. சார்ஜ் போட்டால் பக்கத்தில் ஒரு வாளி மணலோடு உட்கார்ந்துகொள்வேன். "பெத்த புள்ளைக்கு ஜுரம் வந்தப்பகூட நீங்க இப்பிடி உக்காந்தது இல்ல" என்பாள் என் மனைவி.

சகலை பாறை ஏற்றியதை அவர் மகள் போனில் எடுத்து இணையத்தில் போட்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு, பெங்களூரில் இந்தக் கார்களை விற்கிற கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். கார்களை செட் பண்ணவும் ரிப்பேர் பார்க்கவும் அவருக்கு நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். இரண்டு பேரை வரச் சொல்லியிருக்கிறாராம். மறுநாள் காலையில் சொந்தக் காரோடு வந்து ஓட்டிக் காட்டினால், யாரைப் பிடிக்கிறதோ அவருக்கு வேலை. வருஷம் முழுக்க மாதாமாதம் சம்பளம். சகலைக்கு அப்படி ஒன்று வாழ்க்கையில் வாய்த்ததே இல்லை. அவர் மனைவி செய்தி கேட்டு அழுதேவிட்டாள்.

சேலத்தில் பிற்பகல் ரயில். கொரோனாவால் முன்பதிவு இல்லாமல் எந்த ரயிலிலும் ஏற முடியாத காலம் அது. பஸ் ஓடாததால் என் பைக்கிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். கார், பேட்டரி எல்லாவற்றையும் ஒரு தோள்பையில் நானே கட்டினேன். அதுதான் வினை.

பேட்டரியைக் காரிலிருந்து எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில், மணல் பரப்பி அதன்மேல் வைத்தேன். புகை வந்தால் வெளியேற வேண்டுமே என்று மூடியில் ஓட்டை. அதன் வழியாகச் சிவப்பு ஒயர் ஒன்று எட்டிப் பார்த்தது. வீட்டுப் பிள்ளைகள் எடுத்துவிடக் கூடாது என்று அந்த டின்னில் முன்பே சிவப்புப் பெயின்டால் பெரிதாக எழுதி வைத்திருந்தேன்: 'வெடிக்கும். தொடாதே.'

அத்தோடு விட்டேனா? தோள்பைக்குள் எப்படியாவது மோட்டார் சுற்றி, சக்கரத்தில் துணி சிக்கி, கியர் உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பயம். மோட்டாரில் இருக்கிற சின்னப் பல்சக்கரத்தின் திருகைத் தளர்த்தி, அது பெரிய பல்சக்கரத்தைத் தொடாதபடி நகர்த்தி வைத்தேன். இனி மோட்டார் சுற்றினாலும் கார் நகராது. சேலத்தில் ரயில் ஏற்றும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று சகலையிடம் சொல்லவில்லை.

டின்னைப் பார்த்ததும் சகலை சிரித்தார். "இன்னா சகல, பெங்களூருக்குப் பலகாரம் கட்டறீங்களா?"

தடுப்பில் நிறுத்தினார்கள். முன்னால் நின்ற பால்காரரின் கேனைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாலுல இன்னா சார் இருக்கப் போவுது, தண்ணிதான் இருக்கும்" என்று அவரே சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போலீசைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

"பையில இன்னாய்யா?"

"ரிமோட் காருங்க சார்" என்றார் சகலை.

ஒரு போலீஸ்காரர் பைக்குள் கைவிட்டு டின்னை எடுத்தார். எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு உள்ளே என்ன சத்தம் கேட்கிறது என்று காதோரம் வைத்து ஆட்டினார். மணலுக்குள் பேட்டரி டின்னில் இடிக்கிற சத்தம் கேட்டதும் என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"ஐயோ சார், ஆட்டாதீங்க! வெடிச்சிடும்!"

அவர் டின்னை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். பால்காரர் வண்டியைப் போட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் ஓடினார். "யோவ், மொதல்லயே சொல்லக் கூடாதா? எம் வண்டி நடுவுல நிக்குதுய்யா!" என்று அங்கிருந்து குரல் வந்தது.

சகலை பதறவில்லை. "சார், வெறும் பேட்டரி சார். இவரு கொஞ்சம் பயந்த சுபாவம். மாட்டி ஓட்டிக் காட்டறேன், பாருங்க."

சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். யோசித்துவிட்டு, "ஓட்டு. ஓடுச்சின்னா போய்க்கினே இரு" என்றார்.

சகலை பேட்டரியை மாட்டினார். முதலில் ரிமோட்டை ஆன் செய்தார், பிறகு காரை. விசையை அழுத்தினார். மோட்டார் வீயென்று கத்தியது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி கத்தியது. சகலை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓடாத காருக்கு ரிமோட்டு எதுக்குய்யா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். குரல் மாறியிருந்தது.

"நான்தான் சார் கியரை நகத்தி வெச்சேன்."

"எதுக்கு?"

"தானா ஓடிடுமோன்னு பயந்து சார்."

"பேட்டரி டின்னுல இருந்துச்சி, காரு பையில இருந்துச்சி. எப்பிடிய்யா தானா ஓடும்?"

நியாயமான கேள்வி. நான் சொன்னது அத்தனையும் உண்மை, ஆனால் எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. சகலை கெஞ்சினார். "சின்ன திருகு ஒண்ணு சார், தோ, முடுக்கினா ஓடும்." குனிந்து கை வைக்கப் போனவரை, "எட்ட நில்லு!" என்று அதட்டினார்கள். மேலிடத்துக்குப் போன் போயிற்று. வெடிகுண்டு விவரம் தெரிந்த ஆள் வந்து பார்க்கும்வரை எங்களை நகர விடவில்லை.

அந்த ஆள் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பார்த்தார், சிரித்தார். சகலை திருகை முடுக்கி, சாலையோரக் கல் ஒன்றின் மேல் காரை ஏற்றிக் காட்டினார். போலீஸ்காரர்கள் அதைப் போனில் படம் பிடித்தார்கள். "சூப்பரா ஓட்டற தம்பி" என்று ஒருவர் தோளில் தட்டினார். ரயில் அதற்குள் போயிருந்தது.

சகலை மரத்தடியில் நின்றே கடைக்காரரைக் கூப்பிட்டார். "ரோட்டுல மறியல் சார். வர முடியல." என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வரச் சொல்லியிருந்த இன்னொருவர் மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார், வேலை அவருக்கே.

திரும்பி வரும் வழியில் அவர் பேசியது ஒன்றுதான். "பசிக்குது சகல, எங்கயாவது நிறுத்துங்க."

அவர் இப்போதும் அரவைக்கு ஆலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவது நின்றுவிட்டது. கூப்பிட்டால், கரும்பே வராத மாதத்திலும் "லோடு இருக்குது சகல" என்பார்.

பொங்கலுக்கு மாமியார் வீட்டில் கூடும்போது பேச்சு எப்படியும் அங்கே போய்விடும். "அந்தப் பாவிங்க ரோட்ட மறிக்காம இருந்தா, எஞ் சின்ன மாப்ள இந்நேரம் பெங்களூர்ல இருந்திருப்பாரு" என்பார் மாமியார். அன்றைக்கு அந்தச் சாலையில் மறியலே இல்லை. உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தால், சகலை என் தொடையில் கை வைத்து அழுத்துவார். "அத்த, அந்தக் கொழம்ப இப்பிடித் தள்ளுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

யாரும் இல்லாத நேரத்திலாவது அவர் என்னை ஒருமுறை திட்டியிருக்கலாம். நடக்காத எதற்கெல்லாமோ முன்கூட்டியே பயந்த நான், என் பயமே ஒருத்தர் பிழைப்பைக் கெடுக்கும் என்பதற்கு மட்டும் பயப்படாமல் போனேனே என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை.