சந்தனம் பூசிய படகுச் சுவிட்ச்

பழைய சுவிட்ச் வியாபாரம் என்பது, டிக் டிக்கென்று தட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா போகிறவர்களிடம் நாள் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது. கடை வைத்து நொந்த என் இனத்தாருக்கு இது புரியும். ஹட்டனில் என் கடையில் இருப்பதெல்லாம் பழைய படகிலும் வேனிலும் கழற்றிய பித்தளைச் சுவிட்சுகள்.

படம் பிடிக்க ஒன்று

கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் போட்டு ஊர் சுற்றுகிறவர். இரண்டு சுவிட்சுகளைக் காட்டினேன். ஒன்று நன்றாக வேலை செய்யும், மற்றது உள்ளே செத்துப்போனது. எந்த லைட்டுக்கு என்று கேட்டேன். எந்த லைட்டுக்கும் இல்லையாம். கட்டிலுக்குப் பக்கத்தில் திருகி வைத்துப் படம் பிடிக்கவாம்! அதற்குச் செத்ததே போதுமே என்று நீட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. நல்லதை எடுத்து வைக்கச் சொல்லி, டீ குடிக்கக் கிளம்பும்போது விளக்கமும் கொடுத்தார்.

"வேல செய்யாததுன்னு தெரிஞ்சா போட்டோவுல சிரிப்பு வராதுங்க."

டீ குடிக்கும் நேரத்தில்

அதற்குள் மஸ்கெலியாவிலிருந்து மாரிமுத்து அண்ணன் ஓடி வந்தார். அங்கே நீர்த்தேக்கத்தில் சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றுகிறவர். மறுநாள் அதிகாரிகள் படகைச் சோதிக்க வருகிறார்கள். முன்விளக்கு எரியாவிட்டால் இந்த சீசன் முழுக்கப் படகு கரையில்தான், வீட்டில் அடுப்பும் எரியாது. புது பிளாஸ்டிக் சுவிட்ச் எதுவும் அந்தப் பனிக்குத் தாங்கவில்லை. நல்லதைத் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டேன். துளி வருத்தமில்லை. டீ குடித்துவிட்டு வந்த வேன்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அந்தப் படகுலயே போய் நான் போட்டோ எடுத்துக்கவா?"

பூஜை

மறுநாள் காலையில் அண்ணனிடமிருந்து போன். விளக்கு எரியவில்லை. என் சரக்கால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போகிறதே என்று அடித்துப் பிடித்துப் பஸ் ஏறினேன். சுவிட்சைக் கழற்றினால் உள்ளே சந்தனம், குங்குமம், போதாததற்கு எலுமிச்சைச் சாறு. புதுச் சாமான் வந்த சந்தோஷத்தில் அண்ணனின் மனைவி பூஜை போட்டிருக்கிறார். சுரண்டி, துடைத்து, ஊதிக் காயவைத்துப் பூட்டவும் சோதிக்கிறவர் வரவும் சரியாக இருந்தது. தட்டினார். எரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அண்ணி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு புருஷனிடம் சொன்னார்:

"பாத்தீங்களா, பொட்டு வச்சா எரியும்னு நான் அப்பவே சொன்னேன்ல!"

சுரண்டுவது நான், நல்ல பெயர் சாமிக்கு என்பதுதான் என் கடை கொடுக்கிற ஒரே கேரண்டி.