போகிக்கு அழிந்த ஜாவா

ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியின் புதிய பதிப்பு வந்தபோது, பழையதை எடுக்காமல் இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டோம். மதுரை ஆனையூரில் ஒரு வீட்டு மாடியில் மென்பொருள் நிறுவனம் என்று போர்டு மாட்டியிருந்த காலம். நிறுவனம் என்றால் முதலாளி, நான், என் நண்பன். பதிப்புகளுக்கு எண்கள் உண்டு. எண்ணில் என்ன ரசனை இருக்கிறது என்று நான்தான் ஃபோல்டர்களுக்குப் 'பழசு', 'புதுசு' எனப் பெயர் வைத்தேன். நிறைய வாசிப்பவனை வேலைக்கு வைத்தால் இப்படித்தான்.

புதுசு ஒரு காரியம் செய்தது. அதுவரை புரோகிராம் எழுதுகிறவர்கள் எதற்கு வேண்டுமானாலும் பெயராக வைத்துக்கொண்ட ஒரு சொல்லை, இனி எனக்கு மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டது. நண்பன் எழுதிய பருத்தி மண்டி புரோகிராம் முழுக்க அந்தச் சொல்தான். புதுசில் அது ஓடாது, அதைத் தொட்டுத் திருத்தப் பழசு வேண்டும். கல்லூரி ஒன்றுக்குச் செய்துகொண்டிருந்த வேலைக்குப் புதுசு வேண்டும்.

மண்டி பேரையூர்க்காரர் ஒருவருடையது. பில் ஒழுங்காக வருவதைப் பார்த்து, அதை எழுதியவனுக்கே மகளைக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நண்பன் யோசனையெல்லாம் தாண்டி, பெண்ணின் போட்டோவை மேஜைக் கண்ணாடிக்கடியில் வைத்துவிட்டான்.

"பொங்கச் சாமான் வாங்க மதுரைக்கு வாரேன் தம்பி. பில்லுல நான் கேட்ட மாத்தத்தைச் செஞ்சு வைங்க. ஆபீஸையும் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று போன் செய்தார்.

மாற்றத்தை நண்பன் எழுதி முடித்தான். பழசில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அவர் வருவதாகச் சொன்ன நாள் போகி. அன்று காலை முதலாளி ஒட்டடை அடித்து, உடைந்த கீபோர்டைக் கொளுத்தித் தெருவை நாறவைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். 'பழசு' என்று ஒன்று கண்ணில் பட்டது.

"தூக்கிட்டேன்ல! ரீசைக்கிள் பின்னையும் கொட்டிட்டேன். எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாருங்கப்பா" என்றார் எங்களிடம்.

நண்பன் அலறியது, படியேறிக்கொண்டிருந்த பேரையூர்க்காரருக்கும் கேட்டது.

"அண்ணே, புதுசு வந்தா பழசை வெரட்டிருவீகளா? இந்தப் புதுசு எம்பேச்சை எங்க கேக்குது? எனக்கு ரெண்டும் வேணும்ணே, ஒரே எடத்துல!"

பேரையூர்க்காரர் வாசலில் கரும்பும் மஞ்சள்கொத்துமாக நின்றார். முகத்தில் கல்யாணம் நின்றுபோயிருந்தது.

"ரெண்டுமா தம்பி?"

"அய்யா, அது ஜாவாய்யா!"

"பேரு வேறயா."

என் பேச்சுத்திறமையை நம்பி நான் இடையில் புகுந்தேன். "பழசுக்கு வயசாயிருச்சுங்க, ஆனா விடவும் முடியல. ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுக்கிறது இல்ல" என்கிற அளவில் முதலாளி என் வாயைப் பொத்தினார்.

நண்பன் பீரோவிலிருந்து சிடியை எடுத்துப் பழசை மறுபடி ஏற்றினான். அவர் கரும்பைக் கீழே வைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டி புரோகிராம் ஓடியது. கேட்ட மாற்றத்தோடு பில் வந்தது. அதே திரையில் கல்லூரி வேலையைத் திறந்து, புதுசையும் ஓட்டிக் காட்டினான்.

"ஒண்ணுக்கொண்ணு சண்டை வராது?"

"எதுக்கு எதைக் கூப்புடணும்னு மொதல்லயே சொல்லி வச்சிட்டா வராதுங்கய்யா."

பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மதுரை டீக்கடையில் நிற்கிற எவனையும் மாப்ள என்று கூப்பிடலாம். பெண்ணைப் பெற்றவர் மட்டும் யோசித்துத்தான் கூப்பிடுவார்.

"எம் மகட்ட இந்த ஜாவா சமாச்சாரமெல்லாம் பேசிறாதீக, மாப்ள" என்றார்.