மாப்பிள்ளை அறைக் கதவு

மருதமுனையில் நெசவுக்காரர் வீட்டில் நாற்காலி இல்லாவிட்டாலும் தறி இருக்கும். சீனிமுகம்மது வீட்டில் தறி இருந்தது. உட்கார வருபவருக்குக் கிடைப்பது மட்டும் பெட்டி. தேயிலைப் பெட்டி, சவர்க்காரப் பெட்டி, எங்கிருந்து வந்ததென்று கேட்கக் கூடாத பெட்டி. ஒவ்வொன்றின் முகத்திலும் வட்டமாக ஓர் ஓட்டை. பெட்டியைத் திருப்பிப் போட்டு உட்கார வேண்டும். மறந்துபோய் அப்படியே உட்கார்ந்தவர்கள் பாதி உள்ளே போனார்கள்.

அவருடைய மனைவி ஸகியாவுக்குப் பெட்டிகள்மேல் பகை இல்லை. அவளுடைய குறை சிறியது. இத்தனை பெட்டியில் ஒன்றிலிருந்தாவது அரிசி வந்ததில்லை. வந்ததெல்லாம் சத்தம்.

உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரன் முகாமைக் கலைத்தபோது வெளியே வந்த ஸ்பீக்கர் ஒன்று, பல கை மாறிக் கடைசியில் சீனிமுகம்மதுவிடம் சேர்ந்திருந்தது. இரும்புச் சட்டமும் காந்தமும் பழுதில்லை. காகிதக் கூம்பை எலி தின்றுவிட்டது. வேறொருவர் என்றால் எலியைத் திட்டிவிட்டு அதை எறிந்திருப்பார். இவர் மெல்லிய காகிதத்தில் கூம்பு சுற்றினார். பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைத் தடவி நிழலில் காயவைத்தார். விளிம்புக்கு, இடுப்பில் கட்டும் பழைய சாறன் துணியைக் கீலமாகக் கிழித்து ஒட்டினார். கஞ்சி காய்ச்சியது ஸகியா. சாறனும் அவள் உடுத்திக்கொள்ள வைத்திருந்ததுதான்.

கூம்பு பாரமாக இருக்கக் கூடாது. ஏனென்றால் அவரிடமிருந்த அம்பிளிபயரும் அவர் கையால் கட்டியது. ஒற்றை வால்வு, மிஞ்சிப்போனால் இரண்டு வாட். இரண்டு டோர்ச் பல்பு எரியப் போதுமான சக்தி. அதற்கும் பற்றரியை நெல்லு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போய் சார்ஜ் ஏற்ற வேண்டும். அவ்வளவு குறைந்த பலத்தில் ஒரே கூம்பு, தாழ்ந்த குரலிலிருந்து உயர்ந்த குரல்வரை எல்லாவற்றையும் தர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

மற்றது பெட்டி. அதன் விளக்கத்தை ஸகியா தூக்கத்திலும் ஒப்புவிப்பாள். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. முன்பக்கத்து அலையும் பின்பக்கத்து அலையும் சந்தித்தால் தாழ்ந்த குரல் செத்துப்போகும். ஆகவே நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். தடுப்பு பெரிதானால் ஆண்குரல் ஆண்குரலாக வரும். சிறிதானால் மௌலவியும் சளி பிடித்த பிள்ளையும் ஒன்று.

இந்த விளக்கத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?"

"இந்த ஊட்டு மண்டபத்துக்குள்ள கேக்கும். ஆள் பக்கத்துல இருந்து கதைக்கிற மாதிரி."

அத்தோடு எழும்பிப் போய்விடுவார்கள். ஊரில் சத்தத்துக்கு அளவு தூரம். ஹோர்ன் ஸ்பீக்கரை வாடகைக்குக் கொடுக்கும் மக்கீனுக்கு அது தெரியும். அவனுடைய தகர வாய் காற்று வசமாக இருந்தால் பக்கத்து ஊரான பாண்டிருப்புவரை கேட்கும். அதில் ஆண் பெண் பேதம் தெரியாது, சொல் தெரியாது, கலியாணமா மரணமா என்றுகூடச் சிலவேளை தெரியாது. ஆனால் கேட்கும். அந்த நாளில் கலியாணம் நடந்தது வந்தவர்களுக்காக அல்ல, அழைக்கப்படாதவர்கள் வீட்டில் இருந்தபடி கேட்டு வயிறெரிவதற்காக. அதற்குச் சீனிமுகம்மதுவின் இரண்டு வாட் எந்த மூலைக்கு?

இப்படி இருக்கையில் மகள் றபீக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. சாய்ந்தமருது அப்துல் கபூர் போடியாரின் இளைய மகன் ஷரிபுதீன். வயலும் நெல்லும் உள்ள இடம் நெசவுக்காரர் வீட்டுப் படியேறி வந்ததே பெரிது. பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். தங்கள் வளவிலேயே புது வீடு எழும்பியது. மாப்பிள்ளை அறைக்கு முதிரைப் பலகையில் ஒற்றைக் கதவு. ஸகியா தன் காப்பைக் கழற்றிக் கொடுத்துப் போட்ட கதவு. சுவருக்குச் சுண்ணாம்பு பூசியதும் போடியார் வீட்டார் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். பார்த்தபிறகுதான் நாள் குறிப்பு. ஸகியா அந்த நாளைக்காகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

சீனிமுகம்மதுவும் புது வீட்டுக்குள் போய்வந்தார். ஒரு பகல் அறைக் கதவைச் சாத்தியபோது அவருக்கு ஞானம் பிறந்தது. இவ்வளவு பெரிய, இவ்வளவு கனத்த பலகையை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. பின்னால் ஓர் அறையே இருக்கிறது. பெட்டி செய்யத் தேவையில்லை, பெட்டிக்குள்தான் நிற்கிறோம்.

கணக்கு மிகச் சரி. கதவு யாருடையது, அந்த அறை எதற்கு என்பவை கணக்கில் வரவில்லை.

ஸகியா வந்தபோது வட்டமான முதிரைத் துண்டு தரையில் கிடந்தது. கதவில் கூம்பு.

"அல்லாஹ்வே! மாப்புள அறைக் கதவுல ஓட்ட போட்டிரிக்கிங்களே!"

"ஓட்ட எங்க கா? ஸ்பீக்கர் அத அடைச்சிரிக்கே."

"மறுகா ஸ்பீக்கரக் களட்டினா?"

"ஏன் களட்டோணும்?"

அவள் அழ வாயெடுப்பதற்குள் அவர் றேடியோவிலிருந்து வந்த வயரை மாட்டினார். கொழும்பிலிருந்து செய்தி வாசிக்கும் மனுசனின் குரல் கதவிலிருந்து வந்தது. நெஞ்சிலிருந்து வரும் குரல். மூச்சு இழுப்பது கேட்டது. ஸகியாவின் கை தன்னையறியாமல் முக்காட்டை இழுத்து நெற்றிவரை மூடியது.

சீனிமுகம்மது கைகொட்டினார். "பாத்தியா! பிற ஆம்புள நிக்கிற மாதிரி இரிக்கில்ல?"

ஏமாந்துபோன ஆத்திரத்தில் ஸகியா முக்காட்டைக் கழற்றி அவர்மேல் எறிந்தாள்.

வேறு கதவு செய்யக் காலம் இல்லை. நல்ல திரைச்சீலை ஒன்றை நெய்து கதவின்மேல் தொங்கவிட்டாள். "அவங்க வந்து போறமட்டும் அதுல கை வெக்கப்படாது. வல்லாஹி, அல்லாஹ்மேல ஆண எண்டு சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார்.

போடியார் வீட்டார் வந்தார்கள். ஆண்கள் புது வீட்டு முன் மண்டபத்தில் இருந்தார்கள். பெண்களை நடத்திவந்தவர் போடியாரின் உடன்பிறந்த ராத்தா சல்மா உம்மா. சுவரைத் தட்டினார், அடுப்படியில் குனிந்தார், கிணற்றுத் தண்ணீரை நக்கிப் பார்த்தார். எதிலும் குறை அகப்படாத வருத்தம் முகத்தில் தெரிந்தது. கடைசியில் மாப்பிள்ளை அறை. திரைச்சீலையைத் தடவி, "நெசவு நல்லாத்தான் இரிக்கி" என்றார். ஸகியாவுக்கு உயிர் வந்தது.

மண்டபத்தில் சீனிமுகம்மதுவின் கை அரித்தது. திரைச்சீலையைப் பாராட்டிவிட்டு அதற்குப் பின்னால் இருப்பதைத் தெரியாமல் போகிறார்களே என்று மனம் கேட்கவில்லை. கதவின் அருமை தெரிந்தால் நாளைக்கே நாள் குறிப்பார்கள் என்றும் நினைத்திருக்கலாம். அவர் வல்லாஹி சொன்னது கை வைக்கமாட்டேன் என்று. றேடியோவும் அதன் சுவிட்சும் மண்டபத்தில் இருந்தன.

சல்மா உம்மாவின் முகத்துக்கு நேரே, கன்னிப் பெண்ணின் வீட்டு அறையிலிருந்து, ஓர் ஆண்மகன் கனைத்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினான்.

பெண்கள் கத்தினார்கள். எல்லா முக்காடுகளும் ஒன்றாக நெற்றிக்கு இறங்கின.

"உள்ள ஆரு ஆம்புள? கொமரு இரிக்கிற ஊட்டுக்குள்ள ஆருடி ஆம்புள?"

"மாமி, அது ஆளில்ல, அது..."

சல்மா உம்மா கதவைத் தள்ளினார். உள்ளே யாருமில்லை. குரல் நிற்கவில்லை, பருத்தி விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது. அவர் திரைச்சீலையை உயர்த்தினார். நடுங்கிக்கொண்டிருந்த கூம்பைப் பார்த்தார். யாராக இருந்தாலும் செய்திருக்கக் கூடியதைச் செய்தார். விரலை உள்ளே விட்டார், காகிதம் கிழிந்தது.

"கைய எடுங்க!" என்று மண்டபத்திலிருந்து ஓடிவந்த சீனிமுகம்மது அலறினார். மகளின் கலியாணத்தைப் பற்றி அவர் அவ்வளவு சத்தமாக ஒருநாளும் கதைத்ததில்லை.

போடியார் எழும்பிவிட்டார். வாசலில் நின்று சொன்னார். "ஷரிபுதீனுக்குப் புள்ளயப் புடிச்சிரிக்கி, அதால ஒரு வார்த்த சொல்றன். அந்தக் கதவு அங்க இரிக்கப்படாது. கலியாணத்துக்கு மக்கீன்ட ஹோர்ன் கட்டோணும், எங்கட ஊர்ப்பக்கம் பாத்து. ஆம்புளக் கொரல் ஊருக்குள்ள கேக்கட்டும். அறைக்குள்ள வாணாம்."

அவர்கள் போனபின் ஸகியா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கதவா, மகளா?"

சீனிமுகம்மது யோசித்தார். மகள் என்றுதான் சொன்னார். ஆனால் யோசித்தார். அதை ஸகியா கடைசிவரை மன்னிக்கவில்லை.

கதவை அவரே கழற்றினார். புதுக் கதவு வந்தது, மலிந்த மரம், ஓட்டையில்லாதது. போடியார் வீட்டார் திருப்திப்பட்டார்கள்.

கலியாணத்தன்று காலையில் மக்கீன் வடக்குத் தென்னையில் ஏறி, ஹோர்னின் வாயைத் தெற்கே சாய்ந்தமருதைப் பார்த்துத் திருப்பினான். இடையில் பந்தல். பந்தலுக்குள் மைக். சீனிமுகம்மது அண்ணாந்து பார்த்தார்.

"மக்கீன், ஹோர்ன்ட வாய்க்கு நேர மைக் இரிக்கி. ஊளையிடும். அங்கால திருப்பு."

"சீனிமுகம்மது காக்கா, இது கதவு இல்ல" என்றான் மக்கீன் மரத்திலிருந்து. கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் வாய்க்குள் வெற்றிலையை வைத்துக்கொண்டு மூலையில் போய் இருந்தார்.

ஷரிபுதீன் கதைத்தால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்பது கஷ்டம். நிக்காஹ் நடத்திய லெவ்வை, "ஒப்புக்கொண்டேன் எண்டு சொல்லுங்க மாப்புள" என்றார். அவனுக்காக மக்கீன் சத்தத்தைத் திருகி ஏற்றினான். ஷரிபுதீன் வாய் திறந்தான். தென்னை மரம் ஊளையிட்டது. கோழிகள் கூரைக்குப் பறந்தன. போடியாரின் தொப்பி விழுந்தது.

லெவ்வை சாட்சிகளைப் பார்த்தார். "கேட்டிச்சா?"

"ஊளதான் கேட்டிச்சி."

"இன்னொருக்கா சொல்லுங்க."

மறுபடி ஊளை. லெவ்வை கிதாபை மூடினார். சாட்சிகளின் காதில் மாப்பிள்ளையின் சொல் விழாமல் நிக்காஹ் இல்லை.

"மக்கீன், நாய் ஊளையிட்டதுக்கெல்லாம் கலியாணக் காவின் எழுத ஏலாது. அத நிப்பாட்டு."

ஹோர்ன் நின்றது. சாட்சிகள் இருவரும் மாப்பிள்ளையின் வாயருகே காதைக் கொண்டுபோனார்கள். திரைக்குப் பின்னால் ஸகியா காதைச் சாய்த்து நின்றாள். "ஒப்புக்கொண்டேன்" என்ற சொல், எந்த வாட்டும் இல்லாமல், அவளுக்கும் கேட்டது.

அதன்பின் மக்கீன் பைத்துப் பாட்டுப் போட்டான். பாண்டிருப்புவரை கேட்டதாம். பந்தலுக்குள் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சோறு தின்றார்கள்.

புது வீட்டில் மகள் குடியேறினாள். பழைய வீடும் சீதனத்தோடு போனதால் தாயும் தகப்பனும் வளவின் பின்பக்கத்துக் கொட்டிலுக்குப் போனார்கள். கொட்டிலுக்குக் கதவு வேண்டுமே. முதிரைக் கதவு அங்கே ஏறியது. களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமாக ஓர் அறைக்கு ஊரில் எவரிடமும் இல்லாத கதவு. புதுக் கூம்புக்கும் ஸகியாதான் கஞ்சி காய்ச்சினாள், திட்டிக்கொண்டே.

பின்னேரங்களில் ஷரிபுதீன் அங்கே வந்து பெட்டியில் உட்கார்ந்தான். போடியாருக்கு அது அவமானம். மாமனார் வீட்டுக் கொட்டிலில் மகன் கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறானாம். வந்து கேட்டவர்களில் அவன் ஒருவன்தான், "மாமா, சத்தத்த இன்னும் கொஞ்சம் கொறைங்க, அப்பத்தான் நல்லாரிக்கி" என்று சொன்னவன். அன்று சீனிமுகம்மது இரண்டு தேத்தண்ணி குடித்தார்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வந்தபோது ஊரார் நெல்லையும் பிள்ளைகளையும் மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். சீனிமுகம்மது பற்றரியைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் போனார். பற்றரி நனையவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தது. தண்ணீர் வடியத் தொடங்கியபோது அவர் மௌத்தாகிவிட்டார்.

பள்ளிவாசலில் இருந்த, இறந்தவரைக் குளிப்பாட்டும் பலகையை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. நீளமான, கனமான பலகை எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடினார்கள். தேட அதிக தூரம் போகவில்லை. ஷரிபுதீன் ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கதவைக் கல்லில் ஏற்றி, மையித்தை அதன்மேல் கிடத்தினார்கள்.

ஸகியா திரைக்கு இப்பால் இருந்தாள். தண்ணீர் ஊற்றுவதும், அது வட்ட ஓட்டையால் கீழே விழுவதும் கேட்டது. அப்துல் கபூர் போடியார் வந்து பக்கத்தில் நின்றார். விரல் மடக்கிப் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல முதிர. தண்ணி நிக்காம வடியிது பாத்தீங்களா. நல்ல கதவு."

சம்பந்தி வீட்டார் அந்தக் கதவைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. ஸகியா முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள். சீனிமுகம்மதுவுக்குக் கேட்டிருந்தால், ஓட்டை தண்ணீருக்காகப் போட்டதல்ல என்று முதலிலிருந்து விளக்கத் தொடங்கியிருப்பார்.