ரோஸ் சப்பாத்து

மெல்பேர்னின் டண்டினொங் ரயில் ஸ்டேஷன் பெஞ்சில் மன்னார்க்கார அக்கா ஒருவர், மகளின் பாலே நடனச் சப்பாத்தில் முகத்துக்குப் போடும் மாநிறப் பூச்சை ஸ்பஞ்சால் ஒற்றுகிறார். ரோஸ் சாட்டின் மெல்ல மறைகிறது.

"எதுக்குக்கா இது?" பக்கத்து பெஞ்சிலிருந்து கேட்கிறேன்.

"காலும் சப்பாத்தும் ஒரே நிறமாத் தெரியவேணும், தம்பி. இந்த ரோஸ் அந்தக் காலத்திலயே வெள்ளைக்காரப் பிள்ளையளின்ர காலுக்கெண்டு வந்தது. இவவின்ர கால் இந்த நிறமெல்லோ?"

பக்கத்தில் இருக்கும் மகளின் போனுக்கு நடன டீச்சரின் செய்தி வருகிறது.

"ஸ்டாப், அம்மா. ஷோவுக்கு எல்லாருக்கும் பிங்க்தானாம். டைட்ஸும் பிங்க்தானாம்."

அக்கா ஈர டிஷ்யூவால் சப்பாத்தைத் தேய்க்கிறார். பூச்சு போகவில்லை, திட்டுத்திட்டாகப் பரவுகிறது. இன்னும் அழுத்தித் தேய்க்கிறார். ரயில் வந்து, நின்று, போய்விடுகிறது.

மகள் பையிலிருந்து பழைய ரோஸ் டைட்ஸை, அந்த நீளக் காலுறையை, எடுத்து, தன் கால்களை அதற்குள் மறைக்கிறாள்.