இரண்டு டிக்கெட் துணுக்கு

ஆலங்குடியில் ஆசிரியராக இருக்கிறேன். பத்திரிகைகளில் மனைவியைக் கேலி செய்யும் துணுக்குகளே அதிகம் வருவதைப் பார்த்து நானும் ஒன்று எழுதி அனுப்பினேன். பருமனான என் மனைவியிடம் பஸ் கண்டக்டர் இரண்டு டிக்கெட் எடுக்கச் சொல்வதாகக் கற்பனை. என் பெயரோடும் ஊரோடும் அச்சானது.

மறுவாரம் அவள் பஸ் ஏறியபோது, "வாத்தியார் வீட்டம்மாவுக்கு ரெண்டு டிக்கெட்டா?" என்று யாரோ கேட்க, பஸ்ஸே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து தாய்வீட்டுக்கு நடந்தே போய்வந்தாள். சித்திரை வெயிலில் ஒருநாள் முந்திரிக்காட்டருகே மயங்கி விழுந்துவிட்டாள். நல்லவேளை, வண்டிக்காரர் ஒருவர் பார்த்து வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்.

"எல்லாப் பத்திரிகையிலயும் இப்படித்தானே போடுறாங்க" என்றேன்.

"பத்திரிகைக்காரங்களுக்கு என்னையத் தெரியாது. ஒங்களுக்குமா தெரியாது?" என்றாள்.

துணுக்கு எழுதுவதை விட்டுவிட்டேன். இப்போது நானும் பஸ் ஏறாமல் அவளோடு நடக்கிறேன். பக்கத்தில் வர இன்னும் விடவில்லை.